எத்தனை பார்

ஜுபைல். ஆகஸ்ட். இரவுப் பணி.
என்னைக் கூப்பிட்டது மருந்து கொடுக்க அல்ல,
மொழிபெயர்க்க.

ஏழாம் படுக்கை பாக்கியசீலன், பைப் ஃபிட்டர்.
பத்து மாதம் முன்பு சாரத்திலிருந்து விழுந்து
மண்டை உடைந்து, தேறி,
அதே பிளான்டுக்குத் திரும்பிப் போனவன்.
இப்போது கால் அகட்டி நடக்கிறான்.
இடது உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.
எப்போது சுட்டது என்றால்
"நானும் அதத்தான கேக்கேன் சிஸ்டர்."
தொட்டால் தெரிகிறது.
சுட்டால் தெரியவில்லை.

சூடான்காரர் டாக்டர் இத்ரீஸ்
அரபியில் மெதுவாகத்தான் சொன்னார்:
தலைக்குள் ஊறும் நீர்
வடிய வழியில்லாமல் தேங்கி
தண்டுவடத்தின் நடுவே
தனக்கொரு வாய்க்கால் வெட்டிக்கொண்டது.
"முதுகுல நீர் கோத்திருக்கு" என்றேன் தமிழில்,
சளி கோத்திருக்கு என்பதுபோல.
வெட்கமாக இருந்தது.

படத்தில் கணுக்கணுவாய்
வெள்ளை முருங்கைக்காய் ஒன்று
கழுத்திலிருந்து தொங்கியது.

"முதுகத் திறப்பாங்களா?"
இல்லை. தலையில் ஒரு துளை.
அங்கிருந்து தோலுக்கடியில் குழாய்,
காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு, வயிற்றுக்குள்.
மேலே அழுத்தம் இறங்கினால்
கீழே வீக்கம் தானாக வற்றும்,
பெரும்பாலும்.
அந்தப் பெரும்பாலுமை விட்டுவிட்டேன்.
கதவுவரை போய்,
திரும்பி வந்து சேர்த்தேன்.

அவன் விரிப்பில் விரலால் கோடு போட்டான்.
டேங்க். லைன். டிரெய்ன்.
"வால்வு உண்டா?"
உண்டு.
"ஒருவழிதான?"
டாக்டர் என்னைப் பார்ப்பதை நிறுத்தி
அவனைப் பார்த்தார்.
"எத்தன பார்ல தொறக்கும்?"

பாரா! சிரித்தேவிட்டார்.
பன்னிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், அவ்வளவே,
ஒரு டம்ளர் உயரம்.

அவன் சிரிக்கவில்லை.
"நாப்பது பார் லைன்ல நின்னவன் நான்.
ஒரு டம்ளர் தண்ணிக்கா என் கை போச்சு?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில்
முருங்கைக்காய் நூலாகியிருந்தது.
நடை ஒடுங்கியிருந்தது.
சூடு கட்டைவிரலுக்கு மட்டும் திரும்பியிருந்தது.
மற்ற நாலு?
டாக்டர் இரு கையையும் விரித்தார்.
அதற்கு என் உதவி வேண்டியிருக்கவில்லை.

கம்பெனி அவனை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறது.
காந்தத்தின் பக்கம் போகக்கூடாது.
காகிதக் கோப்பை சுலைமானியைக்
கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு
வலது கைக்கு மாற்றிக்கொள்கிறான்.

தொலைபேசியில் மனைவி போலும்.
"ஒண்ணுமில்ல ஜெசிந்தா,
ஒரு பைபாஸ் லைன் போட்டிருக்கு.
லீக் இல்ல. எல்லாம் சரியாயிட்டு."

நாலு விரலை விட்டுவிட்டான்.
அடுத்த படுக்கைக்கு
சலைன் மாற்றப் போனேன்.