லே-பை அறை

கடையின் பின்புறம், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
பணம் கட்டி முடியாதவை அங்கே காத்திருக்கும்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு:
பெயர், தொகை, பாக்கி.
பதினாறு வருடமாகச் சாவி என்னிடம்.

ஓட்டக் காலணி: திருமதி தெய்வானை கவுண்டன்.
அதற்குத் தவணை கட்ட
விக்டோரியா தெரு முனையிலிருந்து கூட நடக்கமாட்டார்,
டாக்ஸிதான்.
கிட்டார்: சிபுசிசோ, வயது பதினேழு.
இடதுகை நகங்களை இப்போதே வெட்டிவிட்டான்.
எட்டு நாற்காலியோடு சாப்பாட்டு மேசை:
பூபாலன் மூட்லி, சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
தனி ஆள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வருவார்.
நானூறு ராண்டை எண்ணி வைத்துவிட்டு
'பார்க்கலாமா?' என்பார்,
ஆஸ்பத்திரியில் கேட்பதுபோல.
பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல்
ஒரு நாற்காலியில் உட்காருவார். அது முனகும்.
அடுத்த மாதம் வேறொன்றில்.
எட்டாம் மாதம் எட்டாவதில்.
'தீபாவளிக்கு எல்லாரும் வருவாங்க' என்றார்.
எல்லாரும் என்றால் யார் யார் என்று
நான் கேட்கவில்லை.
ரசீது மட்டும் கிழித்தேன்.

லாரி ஏற்றிப்போனது.
ஜனவரியில் திரும்ப வந்தார்.
'நாற்காலி நல்லாத்தான் இருக்கும்மா.
மேலே ஒரு விளக்கு இருந்தா...'
பித்தளை நிறம், மூன்று கைகள், தொங்குவது.
புதுச் சீட்டு எழுதினேன்.

எனக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்.
அதில் பாதி சமையல், பாதி கோயில்.
ஆனாலும் கல்லாவில் கூட்டம் இல்லாத நேரம்
ஒரே ஒரு சொல்லைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.
கடைக்கு வாங்க.
கடையில் வாங்க.
வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடுவதையும்
காசு கொடுத்து எடுத்துப்போவதையும்
ஒரே முடிச்சில் போட்டது யார்?
மூச்சும் வாங்குகிறது, படியேறினால்.
கடல்கூட உள்வாங்குகிறது
திருப்பிக் கொடுக்கும்முன்.

சிரிக்க எனக்கு உரிமையில்லை.
மேல்தட்டில், மின்விசிறிப் பெட்டிகளுக்குப் பின்னால்
முழங்காலுக்குக் கீழே விழும் ஒரு கம்பளிக் கோட்டு.
சீட்டில் சவுந்தரி படையாச்சி.
நான்.

டர்பனில் குளிர் என்றால்
ஜூலையில் ஒரு பத்து நாள், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.
மற்ற நாளெல்லாம் சட்டை முதுகில் ஒட்டும்.
ஆனால் ஷோகேஸில் அந்தப் பொம்மை
இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு
தூரத்தில் எதையோ பார்த்தபடி நின்றது,
தலை இல்லாமலே.
அதற்குப் போக ஓர் இடம் இருந்தது.
யாராவது தாமதமாக வந்தால்
கோபித்துக்கொள்ளும் தோரணை இருந்தது.
கோட்டு யாருக்கு வேண்டும்?
அந்த நிற்பு வேண்டும் எனக்கு.

பாக்கி அறுபது ராண்ட்.
கையில் இல்லாமல் இல்லை.
தொண்ணூறு நாள் பணம் வராவிட்டால்
பொருளை விற்பனைக்குத் திருப்ப வேண்டும், விதி.
திருப்ப வேண்டியவள் நானேதான்.
எண்பத்தொன்பதாம் நாள் ஐந்து ராண்ட் கட்டுவேன்.
இந்தக் கணக்கில் இன்னும் மூன்று வருடம் ஓடும்.
அதுவரை அது என் பெயரில்,
என் வீட்டுக்கு வராமல்,
என் அலமாரியில் என் மற்றத் துணிகளைப்போல ஆகிவிடாமல்.

நேற்று, கடை சாத்தும் நேரம்,
போட்டுப் பார்த்தேன்.
வேர்த்துக் கொட்டியது.
பாக்கெட்டில் கைவிட்டால்
ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், தின்னாதே என்று எழுதி.
கழற்றப்போகும்போது
கதவருகில் பூபாலன், கையில் நூறு ராண்ட்.
எப்படி வந்ததோ வாயில், 'வாங்க' என்றேன்.
அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.
'எங்கேம்மா கிளம்பிட்டே?'

பதினாறு வருடத்தில்
இந்த அறையில் யாரும் என்னைக் கேட்காதது.

'ஸ்டேஷனுக்கு' என்று சொல்லிவிட்டு,
கோட்டோடேயே,
அவர் விளக்கை இறக்கிக் காட்ட
ஏணியைத் தேடினேன்.