இன்கா ரக்காயில் ஒரு பிற்பகல் காவல்

வங்கி மூன்றாம் முறையும் கையை விரித்த செவ்வாய்க்கிழமை
வேலைக்குப் போகாமல்
சிப்பே சிப்பே போகும் சிற்றுந்தில் ஏறினேன்.
கோச்சபம்பாவில் பிறந்து முப்பத்தாறு வருடம்.
நகரத்துக்குள் இருந்திருக்கிறேனே தவிர
நகரத்தைப் பார்த்ததில்லை.

சதுக்கத்திலிருந்து இரண்டரை மணி நேர ஏற்றம்.
கள்ளிகள், மோல்யே மரங்கள்,
ஒரு வளைவில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
என் மூச்சு எனக்கு முன்னால் ஏறிப்போய்
ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்திருந்தது.

மேலே யாருமில்லை.
கூரை போன அறைகள்.
அடி அகன்று மேலே குறுகும் வாசல்கள்,
சுவரிலும் அதே வடிவில் மாடங்கள்.
ஒன்றில் தேரை அளவு பாசி,
ஒன்றில் பிளாஸ்டிக் குடுவை, பாதித் தண்ணீரோடு.
அது தன்னுடையது என்றார்
சுவருக்குப் பின்னாலிருந்து வெனான்சியோ இந்தூரியாஸ்.
காவலாளி. சீட்டுக் கொடுப்பவரும் அவர்தான்.

பத்து பொலிவியானோ. சீட்டு எண் இருநூற்றுப் பதிமூன்று.
"இந்த ஜனவரியிலிருந்தா?"
"போன ஜனவரியிலிருந்து."

அவர் எதையும் விளக்கவில்லை.
அரசன் பெயர் சொல்லவில்லை, சூரியனைக் காட்டவில்லை.
கோகா இலை ஒரு பிடி நீட்டிவிட்டு
விளிம்பில் குந்திப்
பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி.

நானும் பார்த்தேன்.
மக்காச்சோள வயல்கள், செங்கல் சூளைப் புகை,
மீன் செதிலாய் மின்னும் தகரக் கூரைகள்,
அப்பால் தூசிக்குள் நகரம்.
என் வாடகை, என் கையெழுத்துகள், என் மேலாளர்,
எல்லாம் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கின.
அதில் ஆறுதல் வரும் என்றுதான் ஏறினேன்.
வரவில்லை. முழங்கால் வலிதான் வந்தது.

"அதோ என் வீடு" என்று தாடையால் எங்கோ காட்டினார்.
"கம்பில் வெள்ளை பறந்தால் சிச்சா தயார்,
அது ஊருக்கு.
சிவப்பு பறந்தால் எனக்கு."
மகள் எர்லிந்தாவுக்கு இது மாதம்.
இங்கே கைபேசி எடுக்காது.
மலைக்கு அந்தப் பக்கம் போனால் எடுக்கும்,
ஆனால் அங்கிருந்து வீடு தெரியாது.
"இரண்டில் ஒன்று. நான் துணியை நம்பினேன்."

இந்தச் சுவர்களைக் கட்டியவர்களும்
வருகிறவனை முன்கூட்டியே காண
இங்கே எவனையாவது உட்கார்த்தியிருப்பார்கள்.
அவனுக்கும் கீழே ஒரு வீடு இருந்திருக்கும்.
பார்க்கச் சொன்னதைப் பார்க்காமல்
அதைப் பார்த்திருப்பான்.

இரண்டு மணிக்குச் சட்டென்று எழுந்தார்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
சீட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்,
சில்லறை டப்பாவை, பேனாவை,
மாடத்துக் குடுவையையும்.
"ஐந்து வரைக்கும். அப்புறம்
அந்தக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போ."
அடையாள அட்டை கேட்கவில்லை.
மூன்று மாதச் சம்பளச் சான்று கேட்கவில்லை.
அறுபது வயதில் ஆடுபோல் தாவிச்
சரிவில் இறங்கி மறைந்தார்.

காவல் காத்தேன்.
காற்று ஒரு வாசலில் நுழைந்து
மறு வாசலில் போனது, சீட்டில்லாமல்.
வெயிலில் ஒரு விஸ்காச்சா அமர்ந்து
என்னைவிடப் பொறுப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தது.
நாலரைக்கு ஒரூரோவிலிருந்து ஒரு ஜோடி வந்தது.
"இது என்ன இடம்?"
பள்ளியில் படித்ததைத் தேடினேன், கிடைக்கவில்லை.
"இங்கிருந்து வீடு தெரியும்" என்றேன்.
இருநூற்றுப் பதினான்கு, பதினைந்து.
நேராகக் கிழிக்க வரவில்லை.

ஐந்து மணி. டப்பா கல்லுக்கு அடியில்.
எந்தக் கூரை என்று கடைசிவரை பிடிபடவில்லை.
சாய்ந்த வெயிலில் பள்ளத்தாக்கு முழுக்க
கொடிகளில், கம்பங்களில், மொட்டைமாடிகளில்
எள்ளளவு எள்ளளவாய்த் துணிகள்.
வெள்ளை, நீலம், எந்தப் பள்ளியின் பச்சையோ.
சிவப்பு மட்டும் பதினொன்று எண்ணினேன்.
பன்னிரண்டாவது,
நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே
கம்பிலிருந்து இறங்கி
ஒரு கூரைக்கு அடியில் போய்விட்டது.