எவரிஸ்தோவின் பூட்ஸ்

எவரிஸ்தோவுக்கு நாற்பத்து நான்காம் அளவு.
த்ரெலேவ் பழஞ்சாமான் கடையில்
சேறும் சகதியுமாகக் கிடைத்தது.
கழுவவில்லை. அந்தச் சேறுதான் அவனுக்கு உயிர்.

முன்கண்ணாடிக்கு அடியில் ஜோடியாக நிறுத்தியிருக்கிறேன்,
டீசல் போட வரும் பையன் கண்ணில் படுகிற மாதிரி.
"மெதுவாகப் பேசு தம்பி,
பின்னால் தூங்குகிறார். எழுந்தால் முன்கோபி."
பதினோரு வருடமாகத் தூங்குகிறான் மனுஷன்.
ஒரு குறட்டை கிடையாது.

என் வேலை தராசுகளைச் சோதிப்பது.
படகோனியாவின் கம்பளிக் கிடங்குகளில்
எடைமேடை பொய் சொல்கிறதா என்று பார்ப்பேன்.
வண்டியில் இருபது கிலோ இரும்புக் கட்டிகள் இருபத்தைந்து.
அரை டன் ஆயுதம் என்று தோழிகள் கேலி செய்வார்கள்.
ஒன்றைத் தூக்கவே இரண்டு கை வேண்டும்;
அதுவரை அவன் காத்திருப்பானா?

சங்கக் கட்டடத்தில் மூன்று மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள்.
கட்டைவிரல் கண்ணுக்கு, முழங்கால் அங்கே,
குரல் அடிவயிற்றிலிருந்து.
இந்தச் சாலையில் காற்று
நிற்கிற லாரியைப் புரட்டும்.
அடிவயிற்றுக் குரலை
அது கடல்வரை கொண்டுபோய்ப் போட்டுவிடும்.
மிளகு ஸ்பிரேயை ஒருமுறை அடித்துப் பார்த்தேன்.
எதிர்க்காற்று.
கராயால்தே வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.

மிச்சமெல்லாம் நானே கற்றது:
டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது,
நிறுத்தினால் வண்டியின் மூக்கு சாலையைப் பார்க்க வேண்டும்,
விடுதிப் பதிவேட்டில் எப்போதும் இரண்டு பேர்,
வீல் ஸ்பேனர் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில்.

அன்று ஃபிட்ஸ் ராய் தாண்டியதும்
ஒற்றை விளக்கோடு ஒரு பிக்கப்.
நான் எண்பது, அது எண்பது.
நான் ஐம்பது, அது ஐம்பது.
அறுபது கிலோமீட்டர் இப்படி.
பிறகு விளக்கைக் காணோம்.
திரும்பிப் போனதா, அணைத்துவிட்டு வருகிறதா?

தாகத்தில் செத்த ஒரு பெண்ணுக்கு
வழியோரத்தில் சின்னக் கோயில்.
லாரிக்காரர்கள் வைத்துப்போன தண்ணீர் பாட்டில்கள் நூற்றுக்கணக்கில்.
அவள் நடந்துபோனபோது ஒருவரும் ஒரு வாய் கொடுக்கவில்லை.
அங்கே ஒரு வெள்ளைக் கார், ஒரு பக்கம் சாய்ந்து.
யாரோ நிற்கிறார்கள்.
நிறுத்தாதே என்பதுதான் முதல் பாடம்.
முந்நூறு மீட்டர் அந்தப் பாடத்தின்படி ஓட்டினேன்.
பிறகு ரிவர்ஸ்.

இறங்கினேன். என் கையில் ஸ்பேனர்.
அவள் கையிலும்.
"கூட யாராவது இருக்கிறார்களா?" என்று கத்தினாள்.
"பின்னால் தூங்குகிறார்."
"இவரும்தான்."
டார்ச் அடித்தேன்.
சீட் பெல்ட் போட்டு, கோட்டு மாட்டி,
தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு
ஒரு பரங்கிக்காய்.

சிரிக்கிற இடமா அது?
பாதி டயர் மாற்றும்வரை அடக்க முடியவில்லை.
பெயர் ருஃபினா. பல்செட் செய்பவள்.
பின்சீட்டில் பெட்டி பெட்டியாய்
யார் யாருடைய புன்னகையோ.
சரிவில் கார் உருளாமல்
சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தது
என் இருபது கிலோ.
ஒருத்தி குனிந்தால் மற்றவள்
அவளுக்கு முதுகு காட்டி, இருட்டைப் பார்த்து நின்றாள்.

நாலாவது நட்டில் ஒற்றை விளக்கு வந்தது.
வேகம் குறைந்தது. நின்றது போலிருந்தது.
இரண்டு வண்டி, இரண்டு ஸ்பேனர்,
உள்ளே அசையாமல் இரண்டு ஆண்கள்.
போய்விட்டது.
நல்லவனாகக்கூட இருக்கலாம்; உதவ நினைத்திருக்கலாம்.
அந்தச் சந்தேகத்தை நிறுக்க
என்னிடம் கட்டி இல்லை.

த்ரெஸ் செர்ரோஸ் விடுதியில் விடிந்தது.
சமையல்காரி காரை எட்டிப் பார்த்துவிட்டு
சூப்புக்கு அந்தக் காயைத் தருகிறாயா என்றாள்.
"மாட்டேன்" என்றாள் ருஃபினா,
தொப்பியைச் சரிசெய்தபடி.
"இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது."