கொக்கி

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார்.
பிடிப்பதில்லை என்றேன்.
சீட்டில் ஏதோ எழுதிப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டார்.

புஷ்பலீலா நம்புகிறாள்.
என் வாய் அவளுக்குத் தெரியும்.
சட்டையை மட்டும்
வாசலிலேயே கழற்றச் சொல்வாள்.

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஒன்பது மேசை பாரில்
பதினோரு வருடமாய்ச் சப்ளையர்.
சுவரில் பலகை இருக்கிறது,
அதன் சிவப்புக் கோடு புகையேறிப் பழுப்பாகிவிட்டது.
சட்டம் வந்ததும் ஆஷ்ட்ரேக்களை எடுத்தோம்.
இப்போது சுண்டல் தட்டில் தட்டுகிறார்கள்.
கழுவுவது நான்தான்.

போன மார்கழியில் ஒருநாள் துணிந்து
ஹாலண்ணனை வெளியே போய்ப் பிடிக்கச் சொன்னேன்.
விடிகாலையிலிருந்து கேரட் மூட்டை இறக்கியவர்.
சண்டை போடவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் உறைபனியில்
மப்ளருக்குள் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றார்.
திரும்பி வந்தபோது
டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.
அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை நான்.
முதலாளிக்கும் அதுதான் சௌகரியம்.

நேற்று இருமல் நிற்காமல்
சன்னலை விரியத் திறந்தேன்.
மேகம் உள்ளே வந்தது,
நாலாம் மேசை வரைக்கும்.
பாக்கெட்டில் கடைசி சிகரெட்டை உருவிக்கொண்டே
டூரிஸ்ட் ஒருவர் கத்தினார்:
"மூடுப்பா அதை.
இந்தப் பனி
நெஞ்சுக்கு ஆகாது."

யாரும் சிரிக்கவில்லை.
ஹாலண்ணன் மட்டும் என்னைப் பார்த்தார்,
பிறகு தன் பீடியை.

மூடினேன்.
கொக்கியை மாட்டவில்லை.