சிவப்புக் கட்டம்

கிருஷ்ணகிரியிலிருந்து பட்டியல் வந்தது.
எங்கள் ஒன்றியத்தில் பதினொன்று சிவப்பு.
ஒன்பதாவது வரிசையில் நெரலட்டி தொடக்கப் பள்ளி:
மாணவர் இருபத்து மூன்று, ஆசிரியர் இரண்டு,
அதில் ஒருவர் மகப்பேறு விடுப்பு.
சிவப்புக்காரர்கள் மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்கள்.
பூங்காவனம் டீச்சர் எழுந்தார்.
மின்விசிறிக் காற்றில் கையிலிருந்த தாள்
அவருக்கு முன்பே நடுங்கிற்று.

நான் ஆசிரியர் பயிற்றுநர்.
அந்தத் தாளில் 'ஆதரவு' என்று எழுதியிருந்தது
என்னைத்தான்.

அஞ்செட்டி தாண்டி, தார் முடிந்து, ராகிக் கொல்லைகள் தாண்டி
வண்டியில் மூன்று பெட்டி சொல்லட்டை,
சட்டைப்பையில் ஒரு ஸ்டாப்வாட்ச்.
நாலாம் வகுப்பு சிக்கமாதி வாசித்தாள்:
காட்... டில்... ஒ... ரு... யா...
யாவில் நின்றுவிட்டாள்.
படத்தைப் பார்த்தாள். 'ஆனெ' என்றாள்.
விதிப்படி அது பிழை.
பிழை என்று போட்டேன்.

போட்ட பிறகு அவள் பேசினாள்,
வீட்டுக் கன்னடமும் பள்ளித் தமிழும் கலந்து:
ராகி கதிர் வாங்கினால் வரும், மூன்றாக வரும்.
அப்பா பரணில் இருப்பார், தகரம் தட்ட நானும் போவேன்.
காற்று இந்தப் பக்கம் அடித்தால்
வாசனை முதலில், உருவம் பிறகு.
நிமிடத்துக்கு ஆறு சொல் வாசித்தவள்
மூச்சு விடாமல் சொன்னாள்.

மார்கழியில் வருகைக் குறைவு, காரணம் என்ன
என்ற கட்டத்தில்
'பெற்றோர் அக்கறையின்மை' என்று
யாரோ ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.
யாரோ இல்லை. போன வருடம் நான்தான்.

எல்லாப் பழியையும் யானைமேல் ஏற்றவும் மனமில்லை.
ஐந்தாம் வகுப்பில் ஏழு பேர்.
நால்வருக்குத் தம் பெயர் எழுத வரவில்லை.
டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
'பத்தேகாலுக்குத்தான் சார் பஸ் என்னை எறக்கிவிடுது.
மூணேகாலுக்குக் கடைசி பஸ்.
நடுவுல அஞ்சு வகுப்பு, ஒரே ஆளு, சத்துணவுக் கணக்கு.
சிக்னலுக்குப் பாறைமேல ஏறி வருகைப் பதிவு.
அதெல்லாம் இருக்கட்டும்.
நானும் எங்கயோ விட்டுட்டேன் சார்.'

பச்சைப் பள்ளி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.
ஊர் பெயர் வேண்டாம்.
முந்தின நாளே அந்தப் பத்தி கரும்பலகையில் இருந்தது.
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் ஒருவன் வாசித்தான்,
தொண்ணூற்றிரண்டு சொல்.
கைதட்டினோம்.
அடியில் உள்ள கையெழுத்து என்னுடையது.

நெரலட்டியில் முதல் மாதம்
அட்டைகள் பெட்டியைவிட்டு இறங்கவில்லை.
இரண்டாம் மாதம் அட்டையை விட்டுவிட்டு நான் இறங்கினேன்.
செவ்வாயும் வெள்ளியும் ஒன்று, இரண்டு எனக்கு;
மேல் வகுப்புகள் டீச்சருக்கு.
சுவரில் சுண்ணக்கட்டியால் இரட்டை இரட்டையாக எழுதினோம்:
பால், ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பத்து, ஹத்து.
மூன்றாம் நாள் புட்டராஜு கத்தினான்:
'சார், உங்க ப எங்க ஹ!'
எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்க்காத இலக்கணம்.
அன்று மதியம் முட்டை ஆறிப்போகும்வரை
ப-வில் தொடங்கும் சொற்களை வேட்டையாடினார்கள்.
எல்லாம் பொருந்தவில்லை. பொருந்தாததற்கும் சிரித்தார்கள்.

பஸ் டிப்போவுக்கு மூன்று மனு போட்டோம்.
பதில் இல்லை.
நாலாவதில் பதினாறு கைநாட்டு.
தை பிறந்து இரண்டு வாரம் கழித்து
ஒன்பதுக்கு வந்து நின்றது பஸ்.
டீச்சர் இறங்கும்போது
ஓட்டுநரைப் பார்த்துக் கும்பிட்டார்.
அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

பங்குனியில் மறுபடி அளந்தோம்.
சிக்கமாதி இருபத்தொரு சொல்.
மஞ்சளுக்கு முப்பது வேண்டும்.
நெரலட்டி சிவப்பாகவே இருக்கிறது,
அடுத்த கூட்டத்திலும் டீச்சர் எழுந்து நிற்பார்.

அறுபதாவது நொடியில் பொத்தானை அழுத்தினேன்.
அவள் நிறுத்தவில்லை.
விரல் வரிமேல் ஊர்ந்தது.
'யானை' என்று வாசித்தாள்.
நிமிர்ந்து, எனக்கும் விளங்கட்டும் என்று
'ஆனெ' என்றாள்.
பிறகு அடுத்த வரி.