பத்தாவது கட்டம்

ஆர்வோ, உன் பந்தை யாருக்காவது
கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.
பதினாறு பவுண்டுக் கறுப்பு உருண்டை.
அலமாரியைத் திறந்தால்
என்னைத்தான் பார்க்கிறது, மூன்று கண்ணால்.
கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன்.
பெரிய செருப்புக்குள் சின்னக் கால்போல
ஆடுகிறது.
துளைகளை அடைத்து, வேறு கைக்கு
அளவெடுத்துத் துளைக்கலாமாம்.
பந்துக்கடை ரோஸ்கோ சொல்கிறான்.
அடைப்பது என்ற சொல்
எவ்வளவு எளிதாய் வருகிறது அவனுக்கு.

டுலூத்தில் இது நவம்பர்.
ஏரி இன்னும் உறையவில்லை.
இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று
பாலத்தடியில் ஊதிக்கொண்டு போகிறது.
காலை ஆறரைக்குச்
சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டுகிறேன்.
இருபத்திரண்டு வருஷமாய்
இந்த வேலை எனக்கு இல்லை.
மூட்டுவாதம் என் விரல்களைக்
கோணலாக்கிய நாளிலிருந்து
மேலிருந்து கீழாக நீதான் மாட்டுவாய்,
காய்த்துப்போன அந்தக் கட்டைவிரலால்,
ஒரு வார்த்தை பேசாமல்,
பந்தை விடுவதற்கு முன் மூச்சைப் பிடிப்பாயே,
அதேபோல.

செய்தித்தாளில் ஆறு வரி போட்டார்கள்.
பவுலிங் வீரர், வயது எழுபத்தொன்பது,
ஏழு பட்டங்கள்.
முந்நூறு புள்ளி, அந்த முழு ஆட்டம்,
கடைசிவரை வாய்க்கவில்லை என்று
அதையும் எழுதியிருந்தார்கள்.
அதை வைத்து உன்னை எவ்வளவு சீண்டியிருப்பேன்!
அடுக்களையில், காரில்,
உன் தங்கை ஐலி வீட்டு விருந்தில்.
"இருநூற்றுத் தொண்ணூறுக்காரர் வந்துவிட்டார்,
காபி ஊற்றுங்கள்" என்பேன்.
ஏலக்காய் ரொட்டியைக் காபியில் நனைத்தபடி
சிரிப்பாய். அவ்வளவுதான்.

நேற்று தேவாலயத்தின் கீழறையில்
நீர்த்த காபி, பன்றியிறைச்சி சாண்ட்விச்.
ஆக்ஸிஜன் உருளையை இழுத்துக்கொண்டு
மில்வாக்கியிலிருந்து டெல்மர் குரூஷ்கா வந்திருந்தார்.
உன்னைத் தோற்கடித்து வாங்கிய கோப்பையைத்
தான் ஜெயிக்கவே இல்லை என்றார்.
சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதம்.
எழுபத்து மூன்று, பிப்ரவரி.
ஒன்பது கட்டங்கள்.
ஒன்பதிலும் பெருக்கல் குறி.
பத்தாவதில் மூன்று சின்னச் சதுரம்,
பென்சில் படாமல்.

தொலைபேசி வந்ததாம்.
யாரோ உன் காதில் சொன்னார்களாம்.
பழக்கத்தில் பந்தைத் துடைத்தாய்,
பைக்குள் வைத்தாய்,
டெல்மரிடம் கைகொடுத்துவிட்டு
வெளியே போனாய்.

அந்த இரவு எனக்குத் தெரியும்.
ரத்தம் நிற்காத இரவு.
பெயர்கூட வைக்காத ஒருவரை
நாம் இழந்த இரவு.
விடியுமுன் வார்டுக்குள் நுழைந்தாய்,
பனியில் ஏழு மணி நேரம் ஓட்டிக்கொண்டு,
காலில் பந்தய ஷூ.
வழுக்குவதற்கென்றே செய்த அடிப்பாகம்.
வாசலில் இரண்டு முறை விழுந்து
முழங்கால் கிழிந்திருந்தது.
வலியிலும் சிரித்துவிட்டேன்:
"ஷூவைக்கூட மாற்றவில்லையா?"
"ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது" என்றாய்.
நாற்பத்தெட்டு வருஷம்
அந்த வாக்கியத்தை நான்
புரட்டிப் பார்க்கவே இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது.
சொல்லியிருக்கலாமே.
ஒரு தடவையாவது
திருப்பிக் கொடுத்திருக்கலாமே.
அத்தனை கிண்டலையும் வாங்கி
எந்த ஓரப் பள்ளத்தில் உருட்டிவிட்டாய்,
சத்தமே வராமல்?

காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்,
பால், முட்டை, மாத்திரை
எழுதி வைக்கும் இடத்தில்.
ஐலி பென்சிலை நீட்டினாள்.
"மூன்று குறிதானே, போட்டுவிடு."
என் விரல் பென்சிலைப் பிடிக்காது என்றேன்.
பிடிக்கும்.

ரோஸ்கோவிடம் சொல்லிவிட்டேன்,
பந்து கொடுப்பதற்கில்லை.
இன்று காலை நாலு பொத்தான் மாட்டினேன்.
கடைசி ஒன்றை
அப்படியே விட்டுவிட்டேன்.