பதினான்காவது கேள்வி

"இந்தத் தேசியப் பூங்காவால் உங்கள் சமூகம் பயனடைந்துள்ளது."
ஒன்று: சற்றும் ஏற்கவில்லை.
ஐந்து: முழுமையாக ஏற்கிறேன்.
வட்டமிடச் சொல்லிப் பேனாவை நீட்டினாள்
ஆய்வுக்கு வந்த பெண்.
நல்ல பேனா. அழுத்தாமலே எழுதுகிறது.

என் பெயர் செம்பகாரே.
சீருடையில் அதைத் தைத்துத் தந்திருக்கிறார்கள்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
கொரில்லாவின் தடம் பார்ப்பது வேலை.
நேற்றிரவு எங்கே படுத்தது,
எந்தத் தண்டை உரித்துத் தின்றது,
சாணத்தில் சூடு இன்னும் இருக்கிறதா.
சான்றிதழில் இதற்குப் பயிற்சி என்று பெயர்.
சிறுமானின் தடத்தை இப்படிப் பார்த்ததற்காக
இதே காட்டிலிருந்து என் அப்பாவை
இரண்டு முறை கட்டி இழுத்துப் போனார்கள்.

நாங்கள் பாட்வா.
காடு எங்களுடையது என்று சொன்னதில்லை.
தேனடைக்குக் கைநீட்டுகிறவன்
மரத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்வானா?
அதனால்தான் நஷ்டஈடு கொடுத்த நாளில்
காட்டை வெட்டி உருளைக்கிழங்கு போட்டவனுக்குப் பணம் வந்தது,
வாழை வைத்தவனுக்கு வந்தது.
எதையும் வெட்டாமல் வைத்திருந்த எங்களிடம்
"உங்கள் நிலம் எது, காட்டுங்கள்" என்றார்கள்.

கம்பாலாவில் ஒருமுறை கூட்டம்.
குளிர்ந்த அறை. ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில்.
உலகின் முதல் தேசியப் பூங்கா
அமெரிக்காவில் என்று திரையில் காட்டினார்கள்:
பீறிடும் வெந்நீர், புல்வெளி,
தூரத்தில் பனிமலை. ஆளே இல்லை.
படம் பிடிக்கும்போது அங்கே இருந்தவர்களை
எந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னீர்கள்
என்று கேட்டேன்.
மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார்.
பிறகு வேறெதையோ சொன்னார்.
எல்லோரும் கைதட்டினார்கள்.

காவல் இல்லையேல் விலங்கில்லை என்றார் ஒருவர்.
எல்லைக்கோடே வெள்ளைக்காரன் போட்டதுதான் என்றார் இன்னொருவர்.
மதியம் இருவரும் ஒரே மேசையில் மீன் தின்றார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள்.
தேயிலை. தேயிலை. கிழங்கு. தகரக் கூரை. மறுபடி தேயிலை.
மலையைச் சீப்பால் வாரிவிட்டதுபோல.
கோடு போடாமல் விட்டிருந்தால்
என்னை வெளியே தள்ளுவதற்காவது
ஒரு காடு மிஞ்சியிருக்குமா?
இதை என் மனைவி நியிராமஹோரோவிடம் சொன்னேன்.
"சம்பளம் பேசுகிறது" என்றாள்.
அவள் அடுத்தவர் நிலத்தில் கிழங்கு தோண்டுகிறாள்.
கூலியும் கிழங்குதான்.

உள்ளே, இரண்டு மணி நேர நடையில், ஒரு மரம்.
எந்த மரமென்று சொல்லமாட்டேன்,
சொன்னால் பலகை மாட்டிவிடுவார்கள்.
அதன் வேரருகே என் தங்கை இருக்கிறாள்.
மூன்று மழைக்காலம் பார்த்தவள்.
அவளை அங்கே வைத்துவிட்டு
குடிலை வேறிடம் மாற்றினோம், வழக்கப்படி.
திரும்பி வருவதற்குள்
காடு பூங்கா ஆகியிருந்தது.

அந்த இடம் வந்ததும் கையை உயர்த்துவேன்.
"எறும்பு. கடிக்கிற எறும்பு. நில்லுங்கள்."
எட்டுப் பேரும் குனிந்து
கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுவார்கள்.
பயந்தவர்கள் இரண்டு முறை.
அவ்வளவு நேரம் எனக்கு.
சில நாட்களில் எறும்பு நிஜமாகவே இருக்கும்.

"மூன்று என்று போடட்டுமா?" என்கிறாள் இப்போது.
பேனா என் கையில்தான் இருக்கிறது.
பதினான்கைத் தாண்டிப் பதினைந்துக்குப் போகிறேன்:
வீட்டில் கழிப்பறை உண்டா.

நேற்று அந்த எட்டில் இவளும் ஒருத்தி.
குனிந்தவள் எறும்பைத் தேடினாள்.
இலையைப் புரட்டிப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
பிறகு ஒன்றும் கேட்காமல்,
செருகி முடித்த காலுறையை வெளியே இழுத்து,
முதலிலிருந்து, மெதுவாக,
மறுபடி செருகத் தொடங்கினாள்.